அண்ணன் வயிறும் என் வரைபடமும்

2025 ஜூலை 20, ஞாயிறு. காலை 6.50. அட்டையில் மீதி: நான்கு குளிகை.

நானே எண்ணினேன். அண்ணன் குளித்து, திருநீறு பூசி, சாமி படத்தின் முன்னால் ஒரு நொடி நின்றுவிட்டு, நேராக ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் எவர்சில்வர் டப்பாவுக்குப் போகிறான். கேஸ் குளிகையை நாக்கில் வைக்கும்போது கண்ணை மூடுகிறான். சாமிக்குக்கூட அப்படி மூடுவதில்லை.

ஆறு வருஷமாக இதுதான். ஏதோ ஒரு டாக்டர் இரண்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்தது. மிச்ச வருஷங்களை எழுதிக்கொடுத்தவன் சாலைக் கடைத்தெரு மெடிக்கல் ஷாப்காரன். இவன் படியேறும்போதே அட்டையை எடுத்து மேசையில் போட்டுவிடுவான், வெற்றிலைக் கடையில் போடுவதுபோல.

இன்றைக்குக் கேட்டே விட்டேன். "இத நிறுத்துனா என்ன ஆவும்?"

"வயிறு கத்தும்."

"கத்தட்டும். நாலு வாரத்துல தானா அடங்கும்."

"நீ பால்பண்ணை ஓடைக்குத்தாண்டே டாக்டரு. எனக்கில்ல."

ஓடை அல்ல அது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. பால் ஆலையில் குழாய்களை ஒருமுறை காரத்தாலும் ஒருமுறை அமிலத்தாலும் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் கொண்டுவரும் கூத்தையெல்லாம் ஏழு பி.எச்.சுக்கு இழுத்துவந்து வெளியே விடுவது என் வேலை. அமிலத்தை அளக்கவும் அடக்கவும் சம்பளம் வாங்குகிறவன் வீட்டில், ஒருத்தன் அளக்காமலே அடக்கிக்கொண்டிருக்கிறான்.

"ஒன்னால முடியாதுண்ணே. நாப்பது வயசுல கடுகு சைஸ் குளிகைக்கு அடிமை."

அதில்தான் விழுந்தான். "பாயச வார்ப்ப ஒத்தக்கையால எறக்குகவனாக்கும் நான்! ஓணம் வரைக்கும் தொடமாட்டேன், பாத்துக்கோ. தொடாம இருந்துட்டேன்னா, ஓணம் கழிஞ்சு வாற மொத கல்யாணத்துக்கு நீ வந்து வார்ப்பு தேய்க்கணும். எஞ்சினியரு கையால."

அவன் கல்யாணச் சமையல் மாஸ்டர்; வார்ப்பு என்பது அவன் பாயசம் கிண்டும் பெரிய உருளி. மதினிதான் சாட்சி. நான்கு குளிகையையும் அவன் முன்னாலேயே உடைத்துக் குப்பையில் போட்டேன்.

காலத்தையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். கர்க்கடக மாதம், நம் ஆடி. கல்யாணம் கிடையாது, மழை, அண்ணனுக்கு வேலை இல்லை. ஆலையிலும் பெரிய சோதனைகளை ஷட்டவுனில்தான் வைப்போம். ஆவணியாகிய சிங்கம் பிறந்து அடுப்பு மூட்டுவதற்குள் எல்லாம் அடங்கிவிடும்.

ஜூலை 21, திங்கள்

லேபில் ஷிஜாவிடம் சொன்னேன். பாறசாலைக்காரி, வேதியியல் படித்தவள், என் பி.எச். மீட்டர் தப்பு என்று வாரம் ஒருமுறை நிரூபிக்கிறவள். "எடா பெருமாளே, நீ சேட்டனையும் டியூன் பண்ணப் போறியா?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும்.

மதினி கேட்டால் ஒப்பிக்க வேண்டும் என்பதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

சாப்பாடு வாய்க்கு வருவதற்கு முன்பே வயிறு வேலையைத் தொடங்கிவிடுகிறது. மணம், தாளிக்கும் சத்தம், இலை போடுவதைப் பார்ப்பது, இவ்வளவு போதும். மூளை நரம்பு வழியாகச் சொல்லும், அமில வால்வு கொஞ்சம் திறக்கும். வரப்போகும் லோடுக்கு முன்கூட்டி மருந்து விடுவது. எங்கள் ஆபரேட்டர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. வயிறு எந்தப் பயிற்சிக்கும் போகவில்லை.

பிறகு சோறு வந்து விழும். விழுந்த சோறும் பருப்பும் இருக்கிற அமிலத்தைக் குடித்துவிடும். புளிப்பு குறைந்ததை வயிற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் சில செல்கள் உணர்ந்து, கேஸ்ட்ரின் என்று ஒன்றை ரத்தத்தில் விடும். அதன் பொருள்: "இன்னும் விடு." பம்புகள் ஓடும், அமிலம் ஏறும். சோறு கரைந்து கீழே இறங்க இறங்க, அமிலத்தைக் குடிக்க ஆள் இல்லாமல் புளிப்பு கூடும். அது ஓர் அளவைத் தாண்டியதும் வேறு சில செல்கள் பிரேக் போடும். கேஸ்ட்ரின் நின்றுவிடும். கீழே இருக்கும் குடலும் தன் பங்குக்கு, அமிலக் கஞ்சி வந்து சேர்ந்ததும், "மேலே போதும்" என்று தகவல் அனுப்பிவிட்டுத் தானே காரத்தை ஊற்றி அணைத்துக்கொள்ளும்.

சூப்பர்வைசர் கிடையாது. "சார் டீ குடிக்கப் போயிருக்காரு" கிடையாது.

இப்போது அண்ணன். விருந்து என்றால் விடிவதற்கு வெகுநேரம் முன்பே அடுப்படியில் நிற்கிறான். நெய், ஏலக்காய், வறுத்த தேங்காய் என்று மூக்கு நிறைய. கடைசிப் பந்தி எழுந்து, இலை எடுத்த பிறகுதான் மாஸ்டர் சாப்பிடுவார். அதுவரை கட்டன் சாயா, பால் இல்லாத டீ. வால்வு பத்து மணி நேரமாகத் திறந்தே இருக்கிறது, லோடு வரவேயில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இதற்குக் குளிகை என்ன செய்தது? பம்புகளைக் கட்டிப்போட்டது. அமிலம் ஏறவே இல்லை. ஏறாவிட்டால் பிரேக்குக்கு வேலை இல்லை. கேஸ்ட்ரின் ஆறு வருஷமாக "விடு, விடு" என்று கத்திக்கொண்டே இருக்கிறது. கத்தலைக் கேட்டு நடக்கும் ஆட்களும் பெருகிவிட்டார்கள். இப்போது கட்டை அவிழ்த்துவிட்டேன். எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். எரிச்சல் பழையதைவிட அதிகமாக ஏறி, சில வாரத்தில் இறங்கி, அதன் இடத்தில் நிற்கும்.

வரைபடம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். தினமும் காலையில் எரிச்சலுக்கு பத்துக்கு எத்தனை என்று அண்ணன் மார்க் போட வேண்டும். நான் ஏற்கெனவே பென்சிலால் வரைந்துவிட்ட மலை ஒன்று அவனுக்காகக் காத்திருக்கிறது.

ஜூலை 23, புதன்

மார்க்: பூஜ்யம். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். இரு மகனே, இரு.

ஜூலை 25, வெள்ளி

ஆறு!

காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். "என்னடே, உள்ளுக்குள்ள ஆரோ மொளகா வத்தல் வறுக்கானுவ." நான் போய் வரைபடத்தில் புள்ளி வைத்தேன். பென்சில் கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. ஐந்தாம் நாள் ஏறும் என்று சொல்லியிருந்தேன். சந்தோஷத்தில் ஒரு சீட்டி அடித்துவிட்டேன்.

மதினி பார்த்த பார்வை நன்றாக இல்லை.

ஜூலை 28, திங்கள்

மதினி பூமாரிக்கும் எனக்கும் சண்டை. அவள் மோரில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். சோதனை நடக்கும்போது வெளியிலிருந்து எதையும் சேர்க்கக் கூடாது என்றேன்.

"வெளிய எங்கேருந்தும் வரல்ல தம்பி. என் அடுக்களையிலேருந்துதான் வருது."

"அதில்ல மதினி, டேட்டா கெட்டுப்போவும்."

"மனுசன் கெட்டுப்போனா பரவாயில்லயாக்கும்?"

அண்ணன் மோரை வாங்கி என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தான். மார்க் எட்டு போட்டான். எட்டு என்று எழுதும்போது அவனுக்கு ஒரு பெருமை இருக்கிறது. தேர்வில் எட்டு வாங்கியவன் இல்லை, பாவம்.

ஷிஜா இன்று கேட்டது: "சேட்டன் வேற குளிகை வல்லதும் திங்குவாரா? பிரஷர், ஷுகரு, அல்லங்கில் வலிக்கு?" நியாயமான கேள்வி. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"வேற மருந்து ஏதாவது?"

"ஒண்ணும் கெடையாது."

நம்பிக்கை வேறு, சரிபார்ப்பு வேறு. எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். தைலம், உடைந்த தெர்மாமீட்டர், மதினியின் தலைவலி பாம், யாரோ கல்யாணத்தில் கொடுத்த குங்குமப் பொட்டலம். மருந்து இல்லை. ஷிஜாவுக்கு மெசேஜ் போட்டேன்: வேறு எந்த இன்புட்டும் இல்லை, சிஸ்டம் சுத்தம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எட்டு, எட்டு, ஏழு, எட்டு. உச்சி இதுதான். இந்த வாரம் தாண்டினால் இறக்கம்.

அண்ணன் கர்க்கடகக் கஞ்சி குடித்துவிட்டு வராந்தாவில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து உறங்குகிறான். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: குளிகையைக் கேட்கவே இல்லை. நானாக இருந்தால் இரண்டாம் நாளே கேட்டிருப்பேன்.

மார்க் போட்டுவிட்டுச் சொன்னான்: "நாலு வார்ப்பு. நல்லா வெளுக்கத் தேய்க்கணும் கேட்டியா. புளி போட்டு."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மூன்று. நேற்று நான்கு, அதற்கு முன்தினம் நான்கு.

இறங்குகிறது. மலையின் மறுபக்கச் சரிவு என் பென்சில் கோட்டிலிருந்து ஒரு நூல்கூட விலகவில்லை. மூன்று வருஷமாக ஆலையில் ஒரு கட்டுப்பாட்டு லூப்பை இவ்வளவு அழகாக நான் அடக்கியதில்லை. அங்கே பம்ப் அடைக்கும், வால்வு ஒட்டும், ஆபரேட்டர் கையால் திறந்துவிடுவான். இங்கே எல்லாம் புத்தகத்தில் இருப்பதுபோல. போட்டோ எடுத்து ஷிஜாவுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று அனுப்பினாள். பொறாமை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. சிங்கம் ஒன்று.

முதல் கல்யாணம். அண்ணனும் நேசையனும் மற்ற நாலு பேரும் நேற்று மாலையே பாத்திரங்களோடு வேனில் போனார்கள். நேசையன் அரைப்புக்காரர், அண்ணனோடு பத்து வருஷமாக இருக்கிறார். என்னை எப்போது பார்த்தாலும் "எஞ்சினியரே, கரண்டு எப்பம் வரும்?" என்பார். நான் மின்வாரியம் இல்லை என்று சொல்வதை நிறுத்திவிட்டேன்.

திரும்பி வந்த அண்ணனிடம் மார்க் கேட்டேன்.

"ஒண்ணு."

"சாப்பிட்டது எப்பம்?"

"கடைசிப் பந்தி எந்திரிச்ச பொறவு. பின்ன?"

நாள் முழுக்கப் பட்டினி, மூக்கு நிறைய நெய் மணம், வெறும் ஒன்று. குளிகை இல்லாமல்! ஆறு வருஷத்து மூடநம்பிக்கை ஒரு மாதத்தில் காலி.

கடைசியில் சாப்பிடுவது பற்றியும் ஒரு பிரசங்கம் செய்தேன். மாஸ்டர் முதலில் சாப்பிட்டால் அடுத்த கல்யாணம் வராது என்று எவனோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள்? அவன் அசரவில்லை. "அதொண்ணும் இல்லடே. வயிறு நெறஞ்சா நாக்கு பொய் சொல்லும். பசிச்ச நாக்குக்குத்தான் உப்பு தெரியும்."

எரிச்சலாக இருந்தது. எனக்கு.

ஆகஸ்ட் 21, வியாழன்

பூஜ்யம். நேற்றும் பூஜ்யம். முந்தாநாளும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

சிங்கத்தில் ஐந்து விருந்து முடித்துவிட்டான். மதினி சொல்கிறாள், ஆள் வெளுத்துவிட்டானாம். படியேறி வந்தால் மூச்சு வாங்குகிறதாம். வாசலில் நின்று தூணைப் பிடித்துக்கொண்டுதான் செருப்பைக் கழற்றுகிறானாம். ஐந்து விருந்துக்கு நின்றால் யாருக்குத்தான் வாங்காது? "வயிறு எரியுதான்னு கேளுங்க" என்றேன். கேட்டாள். "இல்ல" என்றான்.

முடிந்தது. அளவு சொல்கிறது, பூஜ்யம்.

இன்று ஆலையில் இரண்டாம் தொட்டி மீட்டர் காலையிலிருந்து 7.0 மட்டுமே காட்டிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் சந்தோஷமாக எழுதி வைத்திருந்தான். கத்தினேன். ஒரே அளவை அசையாமல் காட்டுகிற சென்சார் நல்ல சென்சார் இல்லடா, செத்த சென்சார். கழற்றிப் பார்த்தால் முனை முழுக்கப் பால்கொழுப்பு மூடியிருக்கிறது. முகத்தில் அடித்தாற்போல் காட்டினேன் அவனிடம்.

செப்டம்பர் 1, திங்கள். ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி வராந்தா.

நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று விழிஞ்ஞம் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். ஓணத்துக்கு முன் கடைசி விருந்து. பந்தயம் அநேகமாகத் தோற்றாயிற்று, தேய்க்கப்போகும் பாத்திரங்களை முன்கூட்டியே பார்த்துவைக்கலாம் என்று கிண்டலாகச் சொல்லிக்கொண்டு எட்டு மணிக்குப் பைக்கில் போனேன். அண்ணன் தேங்காய்ப்பால் பாயசமான பருப்புப் பிரதமனின் வார்ப்புக்கு முன்னால் நின்றிருந்தான். அடுப்பின் வெளிச்சத்தில்கூட அவன் முகம் மாவு நிறத்தில் இருந்தது. "அண்ணே, உக்காரேன்" என்றேன். "உக்காந்தா அடிபிடிக்கும்" என்றான்.

பத்து மணிக்குச் சட்டுவத்தை நேசையனிடம் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் போனான். வாழையிலைக் கட்டின் மேல் உட்கார்ந்தான். பிறகு வாந்தி எடுத்தான். கொட்டிப்போன காப்பித்தூள் மாதிரி. கருப்பாக, திரித்திரியாக.

எனக்குத் தெரியும் அது என்ன என்று. படித்திருக்கிறேனே. அமிலத்தில் கிடந்து கருத்த ரத்தம். எனக்கு எல்லாம் தெரியும். எளவு, எல்லாம் தெரியும்.

பாத்திர வேனில் ஏற்றினோம். உருளிகளை இறக்க நேரமில்லை. பைபாஸில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அவை முட்டி முட்டி மணி அடித்தன. அண்ணன் தலை என் மடியில். சில்லென்று இருந்தான். கண்ணைத் திறந்து நேசையனைக் கூப்பிட்டான். நான் என்னமோ கடைசி வார்த்தை என்று பயந்துபோய்க் குனிந்தேன்.

"ரெண்டாம் பால்தான் விட்டிரிக்கேன். ஒண்ணாம் பால் விட்டா கொதிக்கப்பிடாது. அவனுவட்ட போன் பண்ணிச் சொல்லு."

நேசையன் அழுதுகொண்டே போன் பண்ணினார்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டர். என் வயசுதான் இருக்கும். "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுவாரா?" என்று கேட்டார். நான் சொன்னேன். நிமிர்ந்து நின்று, தெளிவாக, ஆஸ்பத்திரியே கேட்கும்படி: "இல்ல டாக்டர். எதுவும் இல்ல. நானே செக் பண்ணிருக்கேன்."

பின்னாலிருந்து நேசையன் குரல். "நோவுக் குளிகை திம்பாருல்லா மாஸ்டரு. நாங்க எல்லாருந்தான் திம்போம். அடுப்பு பத்தவைக்கும்ப ரெண்டு, பந்தி தொடங்கும்ப ரெண்டு."

மடியிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். டாக்டர் அதன் பெயரைப் படித்தார். என்னைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மலம் கருப்பாப் போச்சா?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"ஒரு வாரமாட்டு. தாரு மாதிரி."

"ஏண்ணே சொல்லல்ல?" கத்திவிட்டேன்.

அவன் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் வந்தது. "நீ எரிச்சலுக்குத்தான மார்க்கு கேட்ட."

செப்டம்பர் 2, செவ்வாய்

நேற்று மதியம் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண், அதன் நடுவில் ஒரு ரத்தக்குழாய். கிளிப் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மறுபடி கசியுமா என்று மூன்று நாள் பார்க்க வேண்டுமாம். மதினி என்னோடு பேசவில்லை. பேசாதது சரிதான்.

டாக்டர் இன்று ஐந்து நிமிஷம் நின்று விளக்கினார். நான் எஞ்சினியர் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

வயிற்றுக்குள் ஒரு வழவழப்பான பூச்சு இருக்கிறது. அதற்கடியில் கொஞ்சம் காரம். அதனால்தான் அவ்வளவு அமிலத்திலும் வயிறு தன்னைத்தானே செரித்துக்கொள்ளாமல் இருக்கிறது. நோவுக் குளிகை அந்தப் பூச்சை உண்டாக்கும் வேலையையே நிறுத்திவிடும். கேஸ் குளிகை இருந்தவரை அமிலம் குறைவு, பூச்சு மெலிந்தும் தாங்கியது. "நோவுக் குளிகை இத்தனை திங்கிற ஆள், கேஸ் குளிகையை நிறுத்தவே கூடாது. எழுதிக்கொடுக்காம வாங்கினது தப்புதான். ஆனா ஆறு வருஷம் அவரைக் காப்பாத்தினது அதுதான்." எரிச்சல் ஏன் தெரியவில்லை என்றேன். "வலியை அமுக்கத்தானே அந்தக் குளிகை? அது முட்டுவலி எது, வயித்துவலி எதுன்னு பிரிச்சுப் பார்க்காது."

பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். முனையில் கொழுப்பு மூடிய சென்சார்.

எங்கள் அமிலத் தொட்டிகளுக்கு உள்ளே ரப்பர் பூச்சு உண்டு. வருஷத்துக்கு இரண்டுமுறை நானே டார்ச் அடித்து உள்ளே இறங்கிப் பார்க்கிறேன். பூச்சு போய்விட்டால் பி.எச். எவ்வளவு சரியாக இருந்தாலும் தொட்டி ஓட்டையாகும் என்று புது ஆட்களுக்கு வகுப்பு எடுக்கிறவன் நான். தண்ணீரைப் பார்த்தேன். தொட்டியைப் பார்க்கவில்லை.

கர்க்கடகத்தில் சோதனை நன்றாக நடந்தது ஏன் என்று இப்போது தெரிகிறது. வேலை இல்லை. வேலை இல்லாதபோது அவன் நோவுக் குளிகை தொடுவதில்லை. ஷட்டவுனில் சோதித்துவிட்டு, முழு லோடில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்தக் குளிகை வீட்டில் ஏன் இல்லை? சாயங்காலம் நேசையன் சொன்னார். அது சாமான் பெட்டியில் இருக்கும். பெருங்காயம், ஏலக்காய், தீப்பெட்டி, கற்பூரம், நோவுக் குளிகை. அடுப்புக்குக் கற்பூரம் காட்டியதும் மாஸ்டர் ஆளுக்கு இரண்டு எடுத்துக் கொடுப்பார், கட்டன் சாயாவோடு. எல்லா சமையல் கூட்டத்திலும் அப்படித்தானாம்.

அண்ணனிடம் கேட்டேன், ஒண்ணும் கிடையாது என்று ஏன் சொன்னாய் என்று.

"அது மருந்தாடே? வேலைக்குள்ளதுல்லா."

அவன் பொய் சொல்லவில்லை. நான்தான் மருந்து டப்பாவைத் தேடினேன். சட்டுவம் இருக்கும் பெட்டியில் தேடவில்லை.

செப்டம்பர் 3, புதன்

அண்ணன் கையில் ஒரு சொட்டுக் குழாய். மணிக்கு இவ்வளவு என்று மெஷின் எண்ணி விடுகிறது. பாட்டிலில் பெயரைப் படித்தேன். நான் உடைத்துக் குப்பையில் போட்ட அதே மருந்து.

செப்டம்பர் 5, வெள்ளி. திருவோணம்.

மறுபடி கசியவில்லை. இன்று குழாயைக் கழற்றினார்கள். ஊரெல்லாம் இலை போட்டு இருபத்தைந்து கறி. இங்கே ஸ்டீல் டம்ளரில் ஆறிய கஞ்சி. அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றான். மதினி அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஐந்து நாளில் முதல்முறையாகப் பேசினாள்.

"வீட்டுல அந்தக் கடலாசு இன்னும் ஒட்டியிரிக்கு தம்பி. நான் கிழிக்கல்ல. நீயே வந்து கிழி."

ஷிஜா வந்தாள், ஆப்பிள் கொண்டுவந்தாள். நான் சொல்வதற்கு முன்பே, "ஒண்ணும் பறையண்டாம்" என்றாள். சரி என்று ஆப்பிளை வாங்கி அலமாரியில் வைத்தேன். போகும்போது கதவருகில் நின்று, "சிஸ்டம் சுத்தம்" என்றாள். என் மெசேஜைத்தான். அதைச் சொல்லாமல் போக அவளுக்கு மனசில்லை. எனக்கும் அது தேவையாக இருந்தது.

எல்லாரும் போனபின் அண்ணன் என்னை விரலால் கூப்பிட்டான். குனிந்தேன்.

"இன்னைக்கு ஓணம்லா?"

"ஓ."

"கேஸ் குளிகை ஒண்ணு வாயில போட்டேனா?"

"…இல்ல."

"அப்பம் ஜெயிச்சது ஆரு?"

நரம்பில் விட்டதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று வாதாடியிருக்கலாம். பழைய நானாக இருந்தால் வாதாடியிருப்பேன். என்ன பழைய நான், போன வாரம்தான்.

செப்டம்பர் 8, திங்கள். வீடு.

வரைபடத்தைக் கிழித்தேன். ஃபிரிட்ஜ் கதவில் டேப் ஒட்டிய நான்கு இடமும் பளிச்சென்று தெரிகிறது. மதினி அதைத் துடைக்கவில்லை.

வரும் ஞாயிறு நெய்யாற்றின்கரையில் கல்யாணம். நேசையன்தான் அடுப்பில் நிற்பார், அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து நாக்கை மட்டும் வேலைக்கு விடுவான் என்று டாக்டரிடம் சத்தியம் செய்திருக்கிறான். எத்தனை நேரம் உட்காருவான் என்று எனக்குத் தெரியும். ஆகவே:

1. கேஸ் குளிகை: காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், நானே கையில் கொடுப்பது. எத்தனை நாள் என்று டாக்டர் சொல்வார். நான் சொல்ல மாட்டேன்.

2. சனிக்கிழமை சாமான் பெட்டியைத் திறந்து நோவுக் குளிகை அட்டைகளை எடுத்துவிடுவது. எடுப்பதற்கு முன் ஐந்து பேரிடமும் தனித்தனியாகக் கேட்பது: முட்டுவலி மட்டும் அல்ல, படியேறினால் மூச்சு வாங்குகிறதா, மலம் என்ன நிறம். சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் மறுபடி கேட்பது.

3. நேசையனை அதே டாக்டரிடம் கூட்டிப்போவது. அவரும் பத்து வருஷமாகத் தின்கிறார்.

4. அடுப்புக்கு முன்னால் நின்று வேலை செய்யக் கால் உயரமான முக்காலி இரண்டு. ஆலை வெல்டரிடம் சொல்லியாயிற்று.

5. கற்பூரம் காட்டியதும் குளிகைக்குப் பதிலாக ஆளுக்கு நாலு இட்லி. மாஸ்டருக்கு இரண்டு. நாக்கு பொய் சொல்லும் என்பான். அது சரியான வாதம்தான், அதனால்தான் இரண்டு. அவன் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து நானும் தின்பது.

6. மதினியின் மோர்: கேள்வி கேட்காமல் கொண்டுபோவது.

7. வார்ப்பு நான்கு. புளி ஒரு கிலோ வாங்கிவைத்திருக்கிறேன். வெளுக்கத் தேய்க்க வேண்டும்.